மீன்மகளின் ஒற்றைத் தோடு

பாலத்தடிச் சந்தியில் ஒரு மீன்மகள் இருக்கிறாள். இடுப்புக்கு மேலே பெண், கீழே மீன், சுற்றிவர மண்மூட்டை. நகரத்தை அழகுபடுத்துகிறோம் என்று சீமெந்தில் செய்து, நீல வர்ணம் அடித்து, இந்தத் தைப்பொங்கலுக்குத்தான் திறந்து வைத்தார்கள். திறந்த கையோடு ஆமிக்காரன் மூட்டைகளை அடுக்கி அவளையும் சென்றிக் காவலில் நிறுத்திவிட்டான். மட்டக்களப்புச் சனம் முழுக்க அவள் வாலடியில் சைக்கிளை விட்டு இறங்கி அடையாள அட்டை காட்ட வேண்டும். தொண்ணூற்றாறாம் ஆண்டு வைகாசியில் எங்கள் ஊருக்குக் கிடைத்த கலை அவ்வளவுதான்.

"மங்கையக்கா, இவளப் பாருங்க," என்றேன். "ஒரு காதிலதான் தோடு கிடக்கு. மற்றத சென்றியில கழட்டிட்டானுகள் போல."

"வாய மூடு மர்சூக். அட்டைய எடு."

எடுத்தேன். என் பெயரையும் ஊரையும் பார்த்த சிப்பாய், அக்காவின் பெயரையும் ஊரையும் பார்த்தான். ஏறாவூர் முஸ்லிம் ஒருவன் கல்லடித் தமிழ் அம்மாவை ஹொண்டா பிப்டியில் ஏற்றிக்கொண்டு போவது அவனுக்குப் பிடிபடவில்லை. எனக்கே சில நாள் பிடிபடுவதில்லை.

மங்கையற்கரசி இருபது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மூன்று மொழியிலும் பொய் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது கூர்மையாகிவிட்டது. இப்போது தன் வீட்டு முன்னறையில் மேசை போட்டுத் துப்பறிகிறார். எங்கள் ஊரில் துப்பறிகிறவருக்குக் கொலைகாரனைத் தேடும் வேலை கிடையாது. அவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். காணாமற்போன ஆளைத் தேடுவதுதான் வேலை. என் வாப்பாவின் புடவைக் கடை எரிந்த பிறகு எனக்கு மிஞ்சியது ஒரு மோட்டார் சைக்கிளும் வாயும். அக்கா மோட்டார் சைக்கிளுக்காக என்னைச் சேர்த்துக்கொண்டார். வாயைப் பொறுத்துக்கொள்கிறார்.

இந்த முறை ஆள் எங்கே என்று தெரியும். பழம்பொருள்கள் வைத்திருக்கும் வாவிக்கரை நூதனசாலையின் காவலாளி சாமித்தம்பி ஆமி முகாமில் கிடந்தார். நூதனசாலையிலிருந்த கண்ணகி அம்மன் சிலையை அவர் வாவிக்கு அப்பால் இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. முந்தின நாள் பின்னேரம் அக்கா கப்டனோடு சிங்களத்தில் பேசி ஒரு வாக்கு வாங்கியிருந்தார். இன்று ஊரடங்குக்கு முன் சிலை வந்தால் ஆள் வீட்டுக்குப் போகலாம். வராவிட்டால் விடியற்காலை லொறியில் கொழும்புக்கு ஏற்றுவார்கள். அந்த லொறியில் ஏறியவர்களின் மனைவிமார் பலர் எங்கள் முன்னறை வாங்கில் வந்து இருந்திருக்கிறார்கள். ஒருத்திக்கும் நாங்கள் நல்ல பதில் சொன்னதில்லை.

நூதனசாலையின் பொறுப்பாளர் அருமைநாயகம் வாசலுக்கே வந்து எங்களை வரவேற்றார். வெள்ளை நீளக்கைச் சட்டை, நெற்றியில் சந்தனம், குரலில் துக்கம்.

"அவன என்ட பிள்ளை மாதிரி வச்சிருந்தன் மங்கையற்கரசி. இப்படிச் செய்திட்டானே. நாட்டில உள்ள நூதனசாலை எல்லாத்தையும் ஒண்டாச் சேக்கிற பெரிய திட்டம். ஒவ்வொரு மாவட்டத்தில இருந்தும் ஒரு அரும்பொருள் கொழும்புக் கண்காட்சிக்கு. எங்கட பங்கு இந்த அம்மன். பாக்கக் கொழும்பு ஆக்கள் வாற நேரத்திலயா காணாமப் போகணும்?"

"கெதியா வந்திட்டாங்களோ?" என்று கேட்டார் அக்கா.

"ஆடியில வாறதாச் சொன்னவங்க. வைகாசியிலயே வந்து நிக்கிறாங்க."

அம்மன் இருந்த அறையைக் காட்டினார். மூலையில், அம்மனின் வலப்பக்கம் சுவரோடு ஒட்டினாற்போல் ஒரு கண்ணாடிப் பெட்டி. பூட்டு உடையவில்லை. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. உள்ளே மரப்பீடம் மட்டும் இருந்தது. அதன்மேல் ஒரு தகரப் பேணியில் பாதித் தண்ணீர், அதில் வாடிப்போன ஒரு கொத்து வேப்பிலை.

"இது ஆர் வச்ச?"

"அவன்தான். தேத்தண்ணி குடிச்சிட்டு வச்சிட்டுப் போயிருப்பான். ஆமிக்காரர் அதையும் மணந்து பாத்தவங்க."

"வேப்பிலை போட்டுத் தேத்தண்ணி குடிக்கிற ஆளா?" என்றேன். "முகாமில விட்டா அதிலயே எல்லாருக்கும் பேதி குடுத்திருவாரே."

அக்கா என் பக்கம் திரும்பினார். "மர்சூக், பஸ்ஸில சீட் பிடிக்கிறதெண்டா நீ என்ன செய்வாய்?"

"கைலேஞ்சியப் போட்டுட்டு இறங்கி ஒரு பிளேன்டீ குடிப்பன்."

"ஏன் லேஞ்சி?"

"ஆள் திரும்பி வருவான் எண்டு மற்றவனுக்குத் தெரியத்தானே."

அக்கா பேணியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கள்ளன் எடுத்த இடத்தில் ஒன்றும் வைப்பதில்லை. இந்த ஆள் அம்மனின் இடம் வெறுமையாகக் கிடக்கக்கூடாது என்று வேப்பிலையும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"சிலைய ஏன் இப்படிச் சுவர் ஓரமா வச்சிருந்தீங்க? வாற சனத்துக்கு இடப்பக்கம் மட்டும்தானே தெரியும்?"

"வெளிச்சம் அப்படித்தான் விழும்," என்றார் அருமைநாயகம்.

வெளியே மதிலோரத்தில் சாமித்தம்பியின் மனைவி புஸ்பம் நின்றுகொண்டிருந்தாள். எங்களைக் கூப்பிட்டவள் அவள்தான். அக்கா அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்கட ஊர்க் கோயில் கதவு திறந்தாச்சா?"

புஸ்பத்தின் முகம் வெளுத்தது. அக்கரையிலுள்ள ஆலையடிவெட்டைதான் அவர்கள் ஊர். எங்கள் பக்கத்துக் கண்ணகி கோயில்களின் கதவு வருடத்தில் ஒருமுறை, வைகாசியில்தான் திறக்கும். சில நாள் சடங்கு நடந்து, பூரணையன்று அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தியோடு மறுபடி சாத்திவிடுவார்கள். ஏறாவூரானுக்கும் இது தெரியும். குளிர்த்திக்கு இளநீர் ஏற்றி விற்றவர்கள் நாங்கள்.

"அக்கா, அத மட்டும் கேக்காதீங்க."

"உன்ட மனுசன் கேட்டா நீ சொல்லல்ல, நானாத்தான் கண்டுபிடிச்சன் எண்டு சொல்லுவன். நாளைக்கு லொறி, புள்ள."

அவள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பிறகு சொன்னாள்.

"ஊர் எரிஞ்ச ஆண்டு அவர்தான் அம்மனத் தோள்ல வச்சு ஆத்தக் கடந்து வந்து இஞ்ச குடுத்த. பத்திரமா இருக்கட்டும் எண்டு. சடங்குக்குக் கேட்டா கொழும்பு தரா. அதனால ஒவ்வொரு வைகாசியும் மெல்லமாக் கொண்டு போறதும், குளிர்த்தி முடியக் கொண்டு வந்து வைக்கிறதும்தான். ஒரு குஞ்சுக்கும் தெரியா. இந்த முறைதான் இப்படி அம்பிட்ட. ஆமிட்ட ஊர்ப் பேரச் சொன்னா மறுகா ஊர எரிப்பானுகள் அக்கா. செத்தாலும் வாய் திறக்கமாட்டன் எண்டு அம்மன்ட தலையில அடிச்சிச் சத்தியம் பண்ணினவர்."

"அப்ப கேஸ் முடிஞ்சுது," என்றேன் நான். "போறம், எடுக்கிறம், குடுக்கிறம். பகல் சாப்பாட்டுக்கு வீட்ட வந்திரலாம்."

அக்கா சிரிக்கவில்லை. "நீ ஆத்துக்கு இஞ்சாலயே நில்லு மர்சூக்."

எதற்குச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் எங்கள் ஊர்ச் சனத்தைக் கொன்றதற்குப் பிறகு நான் அக்கரையில் கால் வைத்ததில்லை. அங்கே இயக்கத்தின் ஆட்சி. என் பெயரைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. பயந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் ஐம்பது வயது மனுசியைத் தனியே அனுப்பிவிட்டுத் துறையில் நின்று கச்சான் கொறிக்கவும் எனக்கு வராது.

"அங்கால என்ட பேர் என்ன?" என்று தோணியில் ஏறிக்கொண்டே கேட்டேன்.

"பேசாம இரி. அதான் உன்ட பேர்."

"அது எனக்குப் பொருந்தாத பேர் அக்கா."

தோணிக்காரர் கோலை ஊன்றினார். வாவி தெளிந்து கிடந்தது. அக்கரைத் துறையில் துவக்கோடு நின்ற பொடியன் ஒருவன் என்னை நெடுநேரம் பார்த்தான். "ஆர் இவர்?" என்று கேட்டான். "என்னோட வாறவர்," என்றார் அக்கா, நீதிமன்றக் குரலில். அவன் வழிவிட்டான். வயல்வெளியைக் கடக்கும் வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆலையடிவெட்டையில் சடங்கு நடக்கிற ஊரின் சத்தம் எதுவும் கேட்கவில்லை. உடுக்கு இல்லை, குரவை இல்லை. கோயிலின் பாதிச் சுவர் ஷெல் விழுந்து போயிருந்தது. மீதிக்குக் கிடுகு வேய்ந்திருந்தார்கள். பெண்கள் பால் செம்பும் இளநீர்க் குலையும் வேப்பிலையுமாக வெறும் மண்ணில் குந்தியிருந்தார்கள். கோயிலின் பூசகர், கட்டாடியார் இளையதம்பி, கதவு நிலையில் தலையைச் சாய்த்துக் கிடந்தார்.

அக்கா சாமித்தம்பியின் கதையைச் சொல்லி முடிக்கும் வரை அவர் கண் திறக்கவில்லை.

"அவன் அங்க அடி வாங்குறான்," என்றார் கடைசியில். "இஞ்ச அம்மன் பேசல்ல."

"விளங்கல்ல ஐயா."

"கதவு திறக்கிற அண்டைக்கு அம்மன ஏந்தி மூண்டு தரம் அசைக்கிறது எங்கட வழமை. அவட கையில இருக்கிற சிலம்பு உள்ளுக்க கோறை. அதுக்க ஒரு பரல் கிடந்து உருளும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் உடுக்குல கை வைப்பன். என்ட அப்பன் காலத்திலயும் அப்படித்தான், போன வருசமும் கேட்டது. இந்த வருசம் நாலு ஊர்ச் சனம் பாத்து நிக்க அசைச்சன். ஒரு சத்தமும் இல்ல." அவர் கதவு நிலையைத் தடவினார். "இந்த மண்ணில இவ்வளவு ரெத்தம் ஊத்தின பிறகு அவ எதுக்குப் பேச? கோவிச்சிட்டா புள்ள. சடங்க நிப்பாட்டிட்டன்."

எனக்கு அந்தக் கூட்டத்தைப் பார்க்க முடியவில்லை. பிள்ளைகளைக் கொடுத்த சனம் அது. அம்மனும் தங்களைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகவும் மனம் வராமல் இருந்தார்கள்.

"எனக்கு ஒருக்காக் காட்டுவீங்களா?" என்றார் அக்கா.

கட்டாடியார் வெள்ளைத் துணியில் சுற்றிய சிலையை ஏந்திக்கொண்டு வந்தார். முழங்கை உயரம், கறுத்த வெண்கலம். அக்காவின் காதருகே வைத்து அசைத்தார். ஒன்றுமில்லை.

"வலப்பக்கம் திருப்புங்க."

திருப்பினார். இடது காதில் பெரிய வட்டத் தோடு. வலது காதில் முறிந்த அடையாளம் மட்டும்.

"எங்கட சின்ன வயசில தூக்கைக்க விழுந்து முறிஞ்ச," என்றார் கட்டாடியார்.

அக்கா என்னைப் பார்த்தார். "மர்சூக், காலையில சந்தியில என்ன சொன்னாய்?"

"வாய மூடு எண்டு நீங்கதான் சொன்னீங்க."

"அதுக்கு முந்தி."

அந்த முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அதே இறுகின உதடு, அதே கண், அதே ஒற்றைத் தோடு. நீல வர்ணத்தைச் சுரண்டிவிட்டு வாலை வெட்டினால் சந்தியில் நிற்பவள் இவள்தான்.

"மீன்மகளச் செய்தவன் இந்த முகத்தப் பாத்துத்தான் செய்திருக்கிறான்," என்றார் அக்கா. "ஆனா வலது காது சுவர்ப் பக்கம். கண்ணாடிக்கு வெளிய நிண்டா ஒருத்தருக்கும் தெரியா. சிலைய வெளிய எடுத்து, கையில வச்சு, நாள் கணக்கா உருட்டிப் பாத்தவனுக்குத்தான் தெரியும். அப்படிப் பாத்தவன் கைக்கு மறுகா வேற முகம் வரல்ல. எதுக்குப் பாத்தான்? ஐயா, ஒரு கத்தி தாங்க."

சிலையின் அடிப்பாகத்தில் ஓரிடத்தைச் சுரண்டினார். மேலே பூசியிருந்த கறுப்பு பொடியாக உதிர்ந்தது. உள்ளே புத்தம் புதிய மஞ்சள் உலோகம் மினுங்கியது.

"கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் அச்சா எடுத்திட்டான். முறிஞ்ச தோட்டையும் விடல்ல. ஆனா நூதனசாலையில ஒருத்தரும் அம்மன அசைச்சுப் பாக்கிறதில்லையே. சத்தம் இருக்கிறது அவனுக்கு எப்படித் தெரியும்? சிலம்பக் கட்டியா வார்த்திட்டான்." அக்கா சிலையைத் துணியால் மூடினார். "அம்மன் கோவிக்கல்ல ஐயா. இது அம்மனே இல்ல."

இளையதம்பி துணியை விலக்கி மறுபடியும் அந்த முகத்தைப் பார்த்தார். கோபமில்லை என்று கேட்டதும் ஆள் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். விசரன் நான்.

"கோவிச்சிருந்தாலும் பரவால்ல புள்ள," என்றார். "இஞ்ச இருந்திருப்பா."

பொய்ச் சிலையை எங்கள் கையில் தந்தார். "இதக் குடுத்து அவனக் கொண்டு வாங்க. பொய்க்குப் பூசை செய்ய என்னால ஏலா." அன்றைக்குத்தான் பூரணை. அவர் கோயில் கதவை இழுத்துச் சாத்தினார். பெண்கள் எழுந்து, கொண்டுவந்த பாலை வேம்பின் அடியில் ஊற்றிவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள்.

திரும்பி வரும்போது தோணியில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். மீன்மகளைச் செய்தவன் சிற்பி வல்லிபுரம். அவனைப் பிடித்துக் கொண்டுவந்து அந்த வேலையைக் கொடுத்தவர் அழகுபடுத்தும் குழுவின் தலைவர். அந்தத் தலைவர் வேறு யாருமில்லை, நெற்றியில் சந்தனமும் குரலில் துக்கமுமான அருமைநாயகம்தான். கண்ணாடிப் பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று காவலாளியிடம், மற்றது அவரிடம். ஒரு குழந்தைகூடக் கணக்குப் போட்டுவிடும்.

துப்பறியும் கதைகளில் இந்த இடத்தில் கள்ளனுக்கு வேர்க்கும். அருமைநாயகத்துக்கு வேர்க்கவில்லை. அக்கா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அறைக் கதவைச் சாத்தி, எங்களுக்குக் கதிரை காட்டினார்.

"வல்லிபுரம் எங்க?" என்றார் அக்கா.

"கட்டாருக்குப் போயிட்டான். நான்தான் அனுப்பின."

"அம்மன்?"

"அவவும் போயிட்டா. இன்னும் தூரத்துக்கு. ஏன் அப்படிப் பாக்கிறீங்க? இஞ்ச இருந்தா ஒரு நாள் ஷெல் விழுந்து தூளாப் போவா. அங்க குளிரூட்டின அறையில, நல்ல வெளிச்சத்தில இருக்கிறா."

"சாமித்தம்பி வருசா வருசம் கொண்டு போறது உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாம இந்தக் கட்டடத்தில பல்லியும் முட்டை இடாது."

"கொழும்பு ஆக்கள் தொட்டுப் பாத்தா போலி எண்டு கண்டுபிடிச்சிருவாங்க. அதுக்கு முதல் அது காணாமப் போனா நல்லது. அவன் எடுத்துக்கொண்டு போன அண்டைக்கே பாத்திருந்து முறைப்பாடு குடுத்திட்டீங்க. அது இனித் திரும்பி வராது எண்டு நம்பினீங்க."

"இத அப்படியே கப்டனிட்டச் சொல்லுவம் சேர்," என்றேன். "அவருக்கும் கதை கேக்க ஆசை."

அருமைநாயகம் என்னைப் பார்க்கவில்லை. அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்.

"தாராளமாச் சொல்லுங்க. இது போலி எண்டு நிரூபிங்க. மறுகா கப்டன் உண்மையான சிலை எங்க எண்டு கேப்பான். ஆரிட்டக் கேப்பான்? வெள்ளைச் சட்டையோட கதிரையில இருக்கிற என்னட்டயா, அந்த அறைக்குள்ள ஏற்கெனவே தொங்குறவனிட்டயா? நான் எல்லாம் அவன்தான் எண்டு சொல்லுவன். அவன் இல்லையெண்டு சொல்ல வாய் இருந்தால்தானே."

அந்த மனுசன் சொன்னது சரி. என்னால் தாங்க முடியாமல் போனதும் அதுதான். காலையிலிருந்து ஓடியோடி நாங்கள் பிடித்த உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சாமித்தம்பி செத்துப் போவார். பொய்யைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வீட்டுக்கு வருவார். ஊரடங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அக்கா எழுந்தார். "நீங்க எங்களோட வாறீங்க. கப்டனுக்கு முன்னால நிண்டு, இதுதான் காணாமப் போன சிலை எண்டு உங்கட வாயால சொல்லுறீங்க."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி நான் உண்மையச் சொல்லுவன். அதால சாமித்தம்பிட உயிர் போகலாம். ஆனா அந்த அறைக்குள்ள அவர் தனிய இருக்கமாட்டார். இருபது வருசம் கோட்டில நிண்டவள் நான். ஒரு சிங்கள அதிகாரிய ஒரு விசயத்த நம்ப வைக்கிறது எப்படி எண்டு எனக்குத் தெரியும்."

அப்போதுதான் அவருக்கு வேர்த்தது. நெற்றிச் சந்தனம் மெல்ல இளகியது. "சரி," என்றார். "ஆனா பிரயாணத்தில சேதமாகிடும், கொழும்புக்கு அனுப்ப ஏலா எண்டும் சொல்லுவன். இது என்ட பெட்டிக்குள்ளயே இருக்கும்."

"எங்க வேண்டுமெண்டாலும் வச்சிக்கொள்ளுங்க."

முகாமில் கப்டன் மேசை விளக்கின் கீழ் சிலையை உருட்டிப் பார்த்தார். சின்ன வயசு, நித்திரையில்லாத கண். அவருக்கு அது ஒரு தலையிடி, அவ்வளவுதான். எங்கே கிடைத்தது என்று கேட்டார். வாவிக்கரைப் பற்றைக்குள் என்றார் அக்கா. நம்பினாரோ இல்லையோ, மேலே கேட்கவில்லை. இதுதான் சிலையா என்று அருமைநாயகத்திடம் கேட்கச் சொன்னார்.

அருமைநாயகத்துக்குச் சிங்களம் போதாது. தமிழில் சொன்னார்: "இதேதான். சந்தேகமே இல்ல. எனக்குத் தெரியாதா?"

அதை அக்கா சிங்களத்தில் சொல்ல வேண்டும். இருபது வருடத்தில் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லாத வாய் அது. நீதிமன்றத்தில் சாட்சி பொய் சொன்னால் அது சாட்சியின் பொய். மொழிபெயர்க்கிறவருக்கு அதில் பங்கில்லை. இங்கே பங்கிருந்தது. அக்கா ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, தெளிவாக, சந்தேகமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

கப்டன் தலையாட்டினார்.

வாசலில் நாங்கள் காத்து நின்றோம். புஸ்பம் முள்ளுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு சிப்பாய்கள் ஒருவரை நடத்திக்கொண்டு வந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். நான் முதலில் அது வேறு யாரோ கிழவர் என்று நினைத்தேன். சாமித்தம்பிக்கு நாற்பத்தைந்து வயதுகூட இல்லை. ஒரு கண் மூடிக் கிடந்தது. கைவிரல்கள் வீங்கிக் கறுத்து, மடக்க முடியாமல் விறைத்து நின்றன.

புஸ்பம் கத்தவில்லை. ஓடிப்போய் அவரின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார்.

"பூரணை போயிட்டா?"

"இண்டைக்குத்தான் அண்ணன்," என்றார் அக்கா.

அவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்டும் சொல்லல்ல. ஊர்ப் பேரக்கூடச் சொல்லல்ல. அங்க குளிர்த்தி நடக்குதா?"

பெண்கள் வேம்படியில் பால் ஊற்றினது என் கண்ணுக்குள் நின்றது. நான் குனிந்துகொண்டேன்.

"நடக்குது அண்ணன். நான் போய்ப் பாத்திட்டுத்தான் வாறன். நல்ல சனம். சிலம்புச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது."

ஒரு நாளில் மூன்றாவது பொய். இதைச் சொல்ல அக்கா கண்ணை மூடவில்லை.

சாமித்தம்பியின் திறந்திருந்த கண்ணில் தண்ணீர் முட்டியது. உடைந்த உதட்டால் சிரித்தார். "அப்ப சரி. அப்ப எல்லாம் சரி."

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அருமைநாயகம் முகாமிலிருந்து வெளியே வந்தார். துணி சுற்றிய சிலை கையில் இருந்தது. எங்களைப் பார்த்துத் தயங்கினார், பிறகு காவலாளியின் தோளில் கை வைத்தார்.

"நான்தான் சாமித்தம்பி, கப்டனோட கதைச்சன்."

சாமித்தம்பி அவர் பக்கம் திரும்பிக் கும்பிடப் பார்த்தார். விரல்கள் சேரவில்லை. மணிக்கட்டு இரண்டையும் ஒன்றாக வைத்து, அந்த மனுசனின் முகத்துக்கு நேரே தூக்கினார்.

"ஐயா, நீங்க இல்லாட்டி நான் செத்திருப்பன்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை நகம் பதிய இறுக்கிப் பிடித்தார். இரண்டு எட்டுத் தள்ளிச் சென்றியில் ஒருவன் துவக்கோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். என் வாழ்க்கையில் நான் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட சொற்கள் குறைவு. அன்றைக்கு எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"சரி, சரி. ரெண்டு நாள் வீட்டில ஓய்வா இரி," என்றார் அருமைநாயகம். "மறுகா வேலைக்கு வா. இந்த அம்மன் இனி உன்ட பொறுப்பு."

"வாறன் ஐயா," என்றார் சாமித்தம்பி.